உப்புக்கு ஒரே கை

கோப்பிக் கடையில் நான் கேட்பது சர்க்கரை போடாத கோப்பி. சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து வைத்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். குடித்துவிட்டு, கோப்பையை நானே எடுத்துப்போய்க் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு வருவேன். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். என் மனைவி இருந்தவரைக்கும் இதற்காகவே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். சொரணை கெட்ட மனுசன் என்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உமாமகேஸ்வரி. நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கும்போது, என்னை வன்மம் பிடித்தவன் என்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

நாவல் வெளியீட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் எழுந்து நின்று கேட்டீர்கள். "யாக்கூப் சார், இதுக்கு முன்னாடி நீங்க எழுதுன ஆளுங்க எல்லாம் அட்டையில வெட்டி வச்ச மாதிரி இருப்பாங்க. இதுல வர்ற பெரியவர் மூச்சு விடுறாரு. எப்படி சார்?" நான் சிரித்துக்கொண்டே, எல்லாம் அனுபவம்தான் என்று சொல்லி ஒப்பேற்றிவிட்டேன். கூட்டத்தில் சொல்லக்கூடிய பதில் அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு முழுப் பதிலும் வர வேண்டும். இதை ஆரம்பித்து வைத்ததே நீங்கள்தான்.

நூலகத்தில் நம் வாசகர் வட்டம் என் இரண்டாவது நாவலை எடுத்துக்கொண்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாரும் மொழிநடை அருமை, அச்சு அருமை என்று பேசி முடித்த பிறகு நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க சார். நல்லவங்களா இருந்தா தப்பில்ல. ஆனா ஒருத்தருக்கும் உள்ளுக்குள்ள சண்டையே இல்ல. சண்டை இல்லாத ஆள எப்படி சார் நம்புறது?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சங்கடப்பட்டுக்கொண்டு கறிபஃப் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள்.

அன்றைக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து பாசிர் ரிஸ் போய்ச் சேரும்வரை ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு போனேன். எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் சொன்னது நியாயம். ஒருவன் இன்னொருவனோடு போடும் சண்டை பெரிய விஷயமில்லை, தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால் அது இலவசமாகவே கிடைக்கும். தனக்குள் அவன் போடுகிற சண்டைதான் அவனைக் காட்டிக்கொடுக்கும். எதை விரும்புகிறான், எதற்குப் பயப்படுகிறான், இரண்டையும் மோதவிட்டால் அவன் எழுந்து நடப்பான். சமூக மன்றத்தில் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் இதைப் பிறகு பாடமாகவும் சொன்னேன். பிள்ளைகள் ஆர்வமாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஆனால் பாடம் சொல்வது வேறு, எழுதுவது வேறு. வீட்டில் உட்கார்ந்து கற்பனையில் நான் மோதவிட்ட ஆட்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கிப் போய்விட்டார்கள். எல்லாரும் என்னைப் போலவே மரியாதை தெரிந்தவர்கள்.

கற்பனை கைகொடுக்காதபோது எழுத்தாளன் என்ன செய்வான்? அக்கம்பக்கத்தைப் பார்ப்பான். நான் சேக் தாவூது காக்காவைப் பார்த்தேன்.

எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். அவர் எனக்கு ரத்தச் சொந்தம் இல்லை, ஆனாலும் சின்ன வயதிலிருந்து காக்காதான். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்குக் கடை. கைலிச் சாரம், தொப்பி, அத்தர், தொழுகை விரிப்பு விற்பார். வீடு பாசிர் ரிஸில், என் அடுக்குமாடி புளோக்குக்கு அடுத்த புளோக். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் முனீரா பாலர் பள்ளியில் டீச்சர். தம்பி ஜலாலுதீனும் அதே கடையில்தான். காக்கா கல்லாவில் இருப்பார், தம்பி வாடிக்கையாளரிடம் பேசுவார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறவர்கள். காக்கா யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அதிகமாகக் கோபம் வந்தால் தாடியைத் தடவிக்கொள்வார். எழுத்தாளனுக்கு அவரால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. நானும் பல தடவை அவரை எழுத முயன்றேன், ஒரு காட்சிகூடத் தேறவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவர் புளோக்குக்குக் கீழே கல் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அவருடைய வாப்பாவைப் பற்றிச் சொன்னார். வாப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் நினைவு போய்விட்டதாம். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, நாகப்பட்டினம் கப்பல் எப்போது வரும் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்பாராம். தேடிப் போய்க் கையைப் பிடித்த மகனிடமே, தம்பிக்கு எந்த ஊர் என்று விசாரித்தாராம்.

"மவுத்துக்கு எனக்குப் பயமில்ல யாக்கூபு," என்றார் காக்கா. "எம் புள்ளையப் பாத்து நீ யாருன்னு கேட்டுருவேனோ, அதுதான் பயம். இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

எனக்கு இரக்கம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இரக்கம் வருவதற்கு முன்னாலேயே வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. தொலைத்த சாவி கைக்குக் கிடைத்த நிம்மதி மாதிரி ஒன்று.

நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் தினமும் கஞ்சி காய்ச்சுவோம். நீங்களும் வரிசையில் நின்று வீட்டுக்குக் கட்டித் தரும் டபாவ் வாங்கிப் போயிருக்கிறீர்கள். அந்தப் பெரிய தேக்சா அண்டாக்களுக்குப் பொறுப்பு சேக் தாவூது காக்கா. வெங்காயம் உரிக்க, இஞ்சி பூண்டு அரைக்க, துடுப்புப் போட்டுக் கிண்ட என்று நாங்கள் பல பேர் இருப்போம். ஆனால் உப்பை அவர் மட்டும்தான் போடுவார். அது அந்த அடுப்படியின் சட்டம். ஏன் என்று கேட்டீர்களானால், காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் நோன்பாளிகள். வாயில் வைத்துப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கத்தில் இடம் உண்டுதான், ஆனால் காக்கா அதையும் செய்யமாட்டார். கொதி வரும்போது வாசம் பிடித்து, கைக்கணக்கில் ஒரு தடவை அள்ளிப் போடுவார். வேறு யாரும் உப்பு ஜாடியைத் தொடக்கூடாது. தொட்டால் போட்டதா போடாததா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். உப்புக்கு ஒரே கை. அத்தனை வருஷத்தில் அந்தக் கை ஒருநாளும் தவறியதில்லை.

அந்த வருஷ நோன்பில் ஒருநாள் அவர் உப்புப் போட்டுவிட்டுத் தொழுகைக்குக் கைகால் கழுவப் போனார். ஜலாலுதீன் தேங்காய்ப்பால் எடுக்க உள்ளே போனார். என் முறை, நான் துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கையால் கிண்டிக்கொண்டே இடது கையால் ஜாடியைத் திறந்து, அவர் அள்ளும் அளவுக்கே நானும் அள்ளிப் போட்டேன். பிறகு கிண்டிவிட்டேன். உப்பு கரைந்துவிட்டால் யார் போட்டதென்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு முடிவுக்குத்தான் இடம் இருந்தது. இரண்டு தடவை விழுந்திருக்கிறது என்றால், அவரே மறந்துபோய் இரண்டாவது தடவை போட்டிருக்கிறார்.

பாங்கு சொன்னதும் எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சிக் கோப்பையை வாயில் வைத்தார்கள். கஞ்சி உப்புக் கரித்தது. சாப்பாட்டைக் குறை சொல்வது எங்களில் வழக்கமில்லை. ஒருவர் சத்தமில்லாமல் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். இன்னொருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு சமோசாவை எடுத்தார். சேக் தாவூது காக்கா முதல் மடக்குக் குடித்தார். நிறுத்தினார். பிறகு மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் முழுக்கக் குடித்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"காக்கா, ரெண்டு தடவ போட்டுட்டீங்களா?" ஜலாலுதீன் குனிந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒரு தடவதான் போட்டேன்." காக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு தடவதான் போட்டேன்னு நெனைக்கிறேன்."

போட்டேன் என்பதற்கும், போட்டேன் என்று நினைக்கிறேன் என்பதற்கும் நடுவில்தான், உமாமகேஸ்வரி, ஒரு மனிதன் பிறந்தான். அன்றைக்கு நான் எழுதிய பக்கங்களைத்தான் நீங்கள் விழாவில் வாசித்துக் காட்டினீர்கள்.

மறுநாள் ஜலாலுதீன் உப்பு ஜாடியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அண்ணனுக்கு வயதாகிறது, ஊர் வாயில் விழ வேண்டாம் என்று நினைத்தார். காக்கா அதைப் பார்த்தார், தாடியைத் தடவிக்கொண்டார், வெங்காயம் உரிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் அதற்குப் பிறகு கஞ்சியில் கை வைக்கவே இல்லை. வைத்திருந்தால் அது அநாகரிகம். ஒரே உத்தியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று வகுப்பில் நானே சொல்வேன்.

அடுத்து நான் செய்தவை எல்லாம் சில்லறை விஷயங்கள். பள்ளிவாசல் வாசலில் அவர் விட்ட செருப்பை எடுத்து அடுத்த படியில் வைத்தேன். கடைச் சாவியை மேசையிலிருந்து எடுத்து அவருடைய சட்டைப் பையிலேயே போட்டேன். ஆனால் இதெல்லாம் குழந்தை விளையாட்டு என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அவர் ஏதாவது புதிதாகச் சொல்வார். முனீராவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது, பையன் பெயர் ரய்யான், நல்ல குடும்பம் என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வார். நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நேத்தே சொன்னீங்களே காக்கா," என்பேன். அவ்வளவுதான். குரலை உயர்த்தவே வேண்டியதில்லை. அவர் முகத்தில் ஈயாடாது.

அண்ணன் தம்பிக்குள் விரிசல் விழுந்ததற்கு என்னைப் பொறுப்பாக்கினால் அது நியாயமாகாது. இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் நான் கொண்டுபோனேன், உண்மைதான். ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லவில்லை. சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். சொல்லும் நேரத்தை மட்டும் நான் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். "காக்காவ இனிமே கல்லாவுல தனியா விடக்கூடாது" என்று தம்பி கவலையில் சொன்னதை, கடையில் கூட்டமாக இருந்தபோது காக்காவின் காதில் போட்டேன். "அவனுக்கு என் எடம் வேணும், வேற என்ன" என்று காக்கா மனம் வெறுத்துச் சொன்னதைப் பெருநாளைக்கு முந்தின நாள் தம்பியிடம் சொன்னேன். பெருநாள் தொழுகை முடிந்ததும் தம்பி முதலில் அண்ணன் வீட்டுக்குப் போய் சலாம் சொல்வது எங்கள் பழக்கம். அன்றைக்கு ஜலாலுதீன் எனக்குப் போன் செய்தார். "நான் போனா காக்கா மூஞ்சி குடுப்பாரா யாக்கூபு?" கொஞ்ச நாள் ஆறப்போடுங்கள் என்று சொன்னேன். எதையும் கெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பேசி அழுதுவிட்டால் நாவல் பாதியிலேயே முடிந்துவிடும். காக்கா அன்று மதியம்வரை வாசற்கதவைத் திறந்தே வைத்திருந்தார். சேமியா ஆறிப்போய்க் கட்டியாகிவிட்டது.

இதற்கிடையில் அவர் ஒரு காரியம் செய்தார். நான் எதிர்பார்க்கவில்லை. மகளுக்குத் தெரியாமல் நினைவாற்றல் பரிசோதனைக்குப் போக வேண்டும், துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். டாக்டர் ஒரு இளம் பெண். படம் காட்டிக் கேட்டார், கணக்குக் கேட்டார், கதை சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வந்த நாளன்றும் நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவருக்கு ஒன்றுமே இல்லை. அவர் வயதில் இருப்பவர்களைவிட நன்றாகவே இருக்கிறது, மனச்சோர்வுதான், நன்றாகத் தூங்குங்கள் என்றார் டாக்டர். காக்கா வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்றபடியே அழுதார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகளிடம் சொல்லும்போது பெரிய விருந்தாகப் போட்டுச் சொல்ல வேண்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்றார்.

உண்மையைச் சொன்னால் நான் அன்றைக்கு உடைந்துபோனேன். நாவல் நடு அத்தியாயத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்படியே சுபமாக முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். முடித்திருந்தால் நீங்கள் மறுபடியும் கறிபஃப் தட்டை என் பக்கம் நகர்த்தியிருப்பீர்கள்.

சில நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். விருந்துக்கு எந்தக் கடையில் பிரியாணி சொல்லலாம், ஜலாலுதீனையும் கூப்பிட்டால் வருவானா என்று பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சின் நடுவில், "டாக்டர் சொன்னதத் தம்பிகிட்டயும் நானே சொல்லணும்," என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எந்த டாக்டர் காக்கா?" என்று கேட்டேன்.

"என்னடா, நீதானே கூட வந்தே."

"நாம இன்னும் போகவே இல்லியே காக்கா. அடுத்த மாசம் போகலாம்னு சொன்னீங்க." என் குரலில் கவலை இருந்தது. அது நடிப்பில்லை. நிஜமாகவே அவரைப் பற்றிக் கவலைப்பட்டேன். "நேத்தும் இதே மாதிரிதான் சொன்னீங்க. நான் பேசாம இருந்துட்டேன்."

அவர் காகிதம், செய்தி, ஏதாவது ஆதாரம் தேடியிருக்கலாம். தேடவில்லை. தேடிக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம் என்று நினைக்கிறேன். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "முனீராவுக்குத் தெரிய வேணாம்," என்று மட்டும் சொன்னார். லிஃப்ட்வரை கூடப் போனேன். எந்த மாடிக்கான பட்டனை அழுத்துவது என்று என்னைக் கேட்டார்.

அதன் பிறகு எல்லாம் தானாகவே நடந்தது. ஆள் ஒருமுறை எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டால் எழுத்தாளனுக்கு வேலை குறைவு. கடைக்குப் போவதை நிறுத்தினார். பள்ளிவாசலுக்குப் போவதையும் நிறுத்தினார். முனீரா பள்ளிக்குப் போன பிறகு நான் காலையில் போய் அவரோடு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் என்ன மாமா செய்வேன்," என்பாள். அவளுக்கு நிறையப் பலகாரம் செய்யத் தெரியும். எனக்கென்று எப்போதும் ஒரு டப்பாவில் எடுத்து வைப்பாள்.

கடைசிக் காலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காக்காவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் பசியாறும் முன் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அன்றைக்கும் என் கண் முன்னால் சாரத்தைக் கொஞ்சம் இறக்கி, இடது பக்கம் போட்டுக்கொண்டார். ரொட்டியில் பாதி தின்றார். நான் வீட்டுக்குத் திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"யாக்கூபு, நீ இங்கதானே இருந்தே. நான் ஊசி போட்டேனா?"

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் எழுதுகிறவர்களுக்கு ஒரு ஒழுக்கம் உண்டு, உமாமகேஸ்வரி. முக்கியமான முடிவை ஆள்தான் எடுக்க வேண்டும், எழுத்தாளன் எடுத்துக் கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது அவனுடைய முடிவே இல்லை.

"நான் பாக்கலியே காக்கா," என்றேன்.

"சரி லா, போட்டுக்கிறேன்," என்றார். "போடாம விட்டா முனீரா கோவிப்பா."

நான் போய்ப் பார்த்திருக்கலாம், அடுத்த புளோக்தான். அந்த அத்தியாயம் நன்றாக வந்துகொண்டிருந்தது. மத்தியானம் முனீரா வந்து கதவைத் திறந்தபோது அவர் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாராம். மறதியில் இரண்டு தடவை போட்டுக்கொண்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாருக்கும் அது பொருந்திப் போயிற்று. ஜனாசாவைத் தூக்கும்போது ஜலாலுதீன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. "அன்னைக்கி உப்புக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்," என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டதே நான்தான்.

அவரைக் கொன்றது நான் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். அத்தர் விற்ற ஒரு சாதாரண மனிதருக்காக முன்பின் தெரியாத அத்தனை பேர் அந்த அரங்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையை நான் ஒருவன்தான் அவருக்குக் கொடுத்தேன். நாவல் அச்சுக்குப் போன அன்று எனக்குள் ஒரு முடிவும் எடுத்துக்கொண்டேன். இனிமேல் உயிருள்ள ஆளைத் தொடுவதில்லை. கற்றுக்கொண்டதை வைத்துக் கற்பனையிலேயே எழுதுவது. அதை இன்றுவரை கடைப்பிடித்தும் வருகிறேன்.

இந்தக் கட்டுப்பாடு இருந்ததால்தான் போன ஞாயிற்றுக்கிழமை முனீராவை வீட்டுக்கு வரச் சொன்னேன். கல்யாணம் வேண்டாம் என்கிறாளாம். ரய்யான் என்னிடமே வந்து கேட்டான், நீங்கள் சொன்னால் கேட்பாள் மாமா என்று. பாட்டனாருக்கு வந்தது, வாப்பாவுக்கு வந்தது, அடுத்தது தனக்குத்தான் என்று அந்தப் பெண் முடிவுகட்டிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். உன் வாப்பாவுக்கு எந்த வியாதியும் இல்லை, டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. காலையிலிருந்து சொல்லிப் பார்த்துப் பழகியும் வைத்திருந்தேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். மெலிந்துவிட்டாள்.

"ரய்யான் கீழ உக்காந்திருக்காரு மாமா. இன்னைக்குப் பதில் சொல்லணும்," என்றாள். "வாப்பாகூட முழு நேரமும் இருந்தது நீங்கதான். உங்களுக்குத்தான் தெரியும். ஜலாலுதீன் சாச்சாகிட்ட கேட்டா அழ ஆரம்பிச்சுர்றாரு."

"கேளும்மா," என்றேன்.

"போன வாரம் கிளாஸ்ல ஒரு பிள்ளையோட பேரு வாய்ல வரவே இல்ல மாமா. டெய்லி கூப்புடுற பிள்ளை. முன்னாடியே நிக்கிது, டீச்சர் டீச்சர்ங்குது, எனக்கு பேரு வரல. அன்னைலேர்ந்து தூக்கமே இல்ல." சிரிக்கப் பார்த்தாள். "டீச்சருக்கெல்லாம் இப்படி வர்றது நார்மல்தானே? சொல்லுங்க மாமா. நீங்க நார்மல்னு சொன்னா நான் கீழ போய் அவருகிட்ட சரின்னு சொல்லிருவேன்."

டீச்சருக்கெல்லாம் அப்படி வருவது சகஜம். எனக்கே வகுப்பில் வரும். நான் வாயைத் திறந்தேன். பழகி வைத்திருந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. அப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே பார்த்தாள், பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கிற இடத்தை. உடனே, பார்த்திருக்கக் கூடாது என்பதுபோல் கண்ணை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த ஒரு திரும்பலில் அவளுக்கு வேண்டியதும் இருந்தது, அவள் பயந்ததும் இருந்தது. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை, அவளுடைய வாப்பா முகத்தில்கூட.

நான் எதையும் திட்டமிடவில்லை, உமாமகேஸ்வரி. அதை நீங்கள் நம்ப வேண்டும். அவளுக்குத் தகப்பன் இடத்தில் இப்போது நான்தான் இருக்கிறேன், அந்த அக்கறையோடுதான் பேசினேன். அவள் கையை என் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க வாப்பாவுக்கும் பேருலதாம்மா ஆரம்பிச்சது," என்றேன்.